படிக்காமல் எரித்த பக்கங்கள்

அமலோற்பவத்துக்கு ஒரு வாரமாகவே அலுப்பு. முட்டி வீங்கியிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. ஆரணி பெண் குழந்தைகள் ஆதரவுச் சங்கத்தில் இருபத்தொன்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவளுக்குக் கடைசி வேலையாக, சங்கத்தின் காகிதங்களை மூட்டை கட்டச் சொல்லியிருந்தார்கள். நூறு பெண்கள் இருந்த சங்கத்து இல்லம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகி, 1981 சித்திரையோடு மூடியாகிவிட்டது. மெட்ராஸ் கல்லூரி ஒன்றில் சரித்திரம் நடத்தும் பலராமன், இந்தக் காகிதங்களைப் பாதுகாத்து ஆராய்ச்சி செய்யப்போவதாக எழுதி, இன்று மத்தியானம் வேனோடு வருகிறார். இல்லம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மின்விசிறி கேட்டு எழுதிய கடிதத்துக்கு எவரும் பதில் போட்டதில்லை. செத்த பிறகு வேன் வருகிறது.

கடைசியாகப் பெரிய சேர்க்கைப் பதிவேட்டை இழுத்து வைத்தாள். ஒரு பெண்ணுக்கு ஒரு பக்கம். பாதிக்கு மேல் பக்கங்கள் இல்லை, கிழித்த விளிம்புகள்தான் இருந்தன. சங்கத்தை ஆரம்பித்த பெரியம்மா போட்ட வழக்கம் அது. ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், முந்தின நாள் அவள் பக்கத்தைக் கிழித்துச் சமையலறை அடுப்பில் போட வேண்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நாளைக்கு மாமியார் ஒரு சொல் சொன்னால் அதற்கு அத்தாட்சி எங்கும் இருக்கக்கூடாது. எரிப்பவள் அதைப் படிக்கவும் கூடாது. பெரியம்மா காலமான பிறகும் அமலோற்பவம் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்துவந்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. சேவூரில் நெசவுத் தறிக்குத் தாரில் நூல் சுற்றிப் பிழைக்கும் பாஞ்சாலை. இங்கே வளர்ந்தவள்.

"அக்கா, பேப்பரெல்லாம் மெட்ராஸுக்குப் போவுதாமே. என் பக்கம் இன்னும் கீதா?"

இருந்தது. இவள் கல்யாணம் படவேட்டுக் கோயிலில் அவசரமாக நடந்தது. அன்று பெரியம்மா அலமாரிச் சாவியோடு வெளியூர் போயிருந்தாள். அப்புறம் அது எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

"பொண்ணுக்குப் போளூர்ல எடம் முடிவாகிகீது. நான் இங்க வளந்தவன்னு அவங்களுக்குத் தெரியாது. அந்த மெட்ராஸ்காரரு புஸ்தகத்துல போட்டுட்டா எம்பொண்ணு வாழ்க்கை போயிடும். எரிச்சிடுங்க அக்கா."

இருக்கிற காகிதத்தில் ஒன்றும் குறையாது என்று பலராமனுக்கு அமலோற்பவம் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் வாதாட அவளுக்குத் தெம்பில்லை. எத்தனையோ போயாயிற்று, இதுவும் போகட்டும் என்று பக்கத்தைத் தேடி எடுத்துக் கிழிக்கப்போனாள்.

"இருங்க. கொளுத்தறதுக்கு முன்னாடி ஒரு தபா படிங்களேன். என்னா எழுதிக்கீதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

சட்டம் போட்டவளும் இல்லை, சங்கமும் இல்லை. அமலோற்பவம் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"'1942 ஐப்பசி. பாஞ்சாலை, வயது மூன்று. தாய் சின்னக்கண்ணு, கூலி. சோறு போட வழியில்லை என்று விட்டுச் செல்கிறாள்.'"

கீழே வேறு மையில் இன்னும் எழுதியிருந்தது. அவள் குரல் இறங்கியது.

"'1944 தை. தாய் வந்தாள். குழந்தை சுகம் என்று சொல்லி அனுப்பப்பட்டாள். 1945 தை. தாய் வந்தாள். குழந்தையைக் காட்டவில்லை. 1947 தை. தாய் பாவாடை கொண்டுவந்தாள். வாங்கிக்கொள்ளப்பட்டது.'"

பாஞ்சாலை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா செத்துட்டான்னு இல்ல எங்கிட்ட சொன்னாங்க. பாவாடை என்னா கலருன்னு போட்டுக்கீதா?"

"போடலை."

"மத்த பொண்ணுங்க பக்கத்திலயும் இந்த மாதிரி எழுதி இருந்திச்சா?"

அமலோற்பவம் பதிவேட்டின் கிழிந்த விளிம்புகளை விரலால் தடவினாள். இன்னாசியம்மாள், ரங்கம்மாள், ராஜம்மாள் என்று அடுப்படியில் தலைகுனிந்து நின்ற முகங்கள் வரிசையாக வந்தன. எவள் அம்மா வந்தாள், எவள் அம்மா வரவில்லை? பக்கம் எரியும்போது அந்த அடுப்படியில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"தெரியாது பாஞ்சாலை. நான் படிக்கலை."

பிறகு, "கிழிச்சித் தரேன், நீயே வெச்சுக்கோ" என்றாள்.

"வேணாங்க. வூட்ல இருந்தா ஒரு நாள் பயந்துகினு நானே கொளுத்திடுவேன். இங்க இருந்தா நீங்க கொளுத்திடுவீங்க. மெட்ராஸுக்கே போவட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "போளூர்க்காரங்க கிட்ட நானே சொல்லிக்கறேன். மூணு தபா வந்தவளோட பொண்ணுன்னு சொல்றதுக்கு எனக்கென்னா வெக்கம்?"

அவள் போன கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. பலராமன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"எவ்வளவு பக்கம் போயிருக்கு. கறையானாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலை அத்தோடு முடிந்திருக்கும். காலும் கெஞ்சியது. அமலோற்பவம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க. நான்தான் எரிச்சேன். உக்காருங்க, ஞாபகம் இருக்கிற வரைக்கும் பேரைச் சொல்றேன். நான்தான் எரிச்சேன்னு முதல்ல எழுதிக்கோங்க."