இரண்டாவது மடக்கு

பதினாறாவது கோப்பையோடு ஆஸ்லினின் மூக்கு செத்துப்போனது. முழங்கை மடிப்பை முகத்தருகே கொண்டுபோய்த் தன் தோலின் வாசனையைத் தேடினாள். ரம் ருசிப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். சொந்த வாசனையில் மூக்கு கொஞ்சம் இளைப்பாறிக்கொள்ளும். இன்று தோலில் ஒன்றும் இல்லை. சட்டையிலும் இல்லை. ஒரு சுவரை முகர்ந்ததுபோல இருந்தது.

மேசையில் இன்னும் இரண்டு கோப்பைகள் மிச்சம். பதினெட்டிலும் ஒரே சரக்குதான். டெமராரா ஆற்றின் இரண்டு கரையிலும் 'அறுபத்துமூணு' என்றே பெயர் சொல்லிக் கேட்கிற கறுப்பு ரம். நூற்றுக்கு அறுபத்துமூன்று பங்கு சுத்தச் சாராயம். கரும்பு வெட்டுகிறவனும் மணல் லாரி ஓட்டுகிறவனும் யோசிக்காமல் வாங்கக்கூடிய விலை. ஏப்ரலில் கலந்து, ஆஸ்லின் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டபின் கடைகளுக்குப் போனது. இப்போது மூன்று கடைக்காரர்கள் பாட்டில்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஏதோ சரியில்லை என்றார்கள். என்ன சரியில்லை என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"ஏதாவது கிடைச்சுதா மிஸ் ஆஸ்லின்?" என்று கேட்டார் பிஸ்நாத். கலவை அறைக்கு அவர்தான் தலைவர்.

"இல்ல."

"எனக்கும் இல்ல. அவனவன் வாயில மிளகாயை வச்சுக்கிட்டுக் குடிச்சிருப்பான். குறை எதுவும் இல்லைன்னு கடிதம் எழுதிடலாம். காலைல பத்து மணிக்குப் போகணும். கையெழுத்தை இப்பவே போட்டுடுங்களேன்."

"காலைல போடறேன். மூக்கு செத்துக் கிடக்கு. பிணத்தோட கையெழுத்து உங்களுக்கு எதுக்கு?"

அவர் சிரித்தார். "இருபத்திரண்டு வருஷத்துல நீங்க சரின்னு சொன்னது ஒண்ணுகூடத் தப்பாப் போனதில்ல. இதுவும் போகாது."

பாராட்டுத்தான். ஆனால் நாள் முழுக்க நின்ற காலின் மேல் யாரோ ஒரு மூட்டையையும் ஏற்றி வைத்ததுபோல இருந்தது.

வீட்டுக்குப் போகும் மினிபஸ்ஸில் அவள் ரம்மை நினைக்கவில்லை. வின்ஃபீல்டை நினைத்தாள். அவள் கணவன் குடியை விட்டு நான்கு வருடம் இரண்டு மாதம். அதற்கு முன்னால் இதே தொழிற்சாலையில் பீப்பாய் செய்கிறவனாக இருந்து, குடியால் வேலை போனவன். இன்று மதியம் அவனுடைய நண்பன் எக்பர்ட்டின் அடக்கம். அடக்கம் முடிந்ததும் வீட்டு முற்றத்தில் பாட்டு நடக்கும், டாமினோ நடக்கும், அறுபத்துமூணு ஓடும்.

இந்த நான்கு வருடமும் தினம் மாலை அவனைப் பார்த்தவுடன் அவன் கன்னத்தில் கன்னம் வைத்து ஒரு மூச்சை உள்ளே இழுப்பது அவள் வழக்கம். ஒரு மூச்சு போதும். முந்தின நாள் குடித்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். அதை அன்பு என்றுதான் அவள் தனக்குத்தானே சொல்லிவந்தாள். சில மாலைகளில் அது உண்மையாகவும் இருந்தது. எந்த மாலைகளில் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வின்ஃபீல்ட் வந்தான். ஆறரை மணி. வெள்ளைச் சட்டை, காலணியில் கல்லறைச் சேறு. வழக்கம்போல அருகில் வந்து கன்னத்தைக் கொடுத்தான். அவள் மூச்சை இழுத்தாள். சோப்பும் வியர்வையும்கூட வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

"என்ன இன்ஸ்பெக்டரம்மா, இன்னைக்கு இவ்வளவு நேரம்?"

ஆஸ்லின் பின்வாங்கினாள். "உனக்குத் தெரியுமா?"

"நாலு வருஷமா மூக்கால முத்தம் குடுக்கற. உதடு பட்டதே இல்ல. எனக்கென்ன, மரக்கட்டையா?"

கோபம் இல்லாமல்தான் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது.

"இன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியல, வின்ஃபீல்ட். மூக்கு போயிடுச்சு. நீயே சொல்லு."

அவன் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தான். ஒன்றை முழுசாக அவிழ்த்துவிட்டுப் பேசினான்.

"வாயில விட்டேன்."

அவள் கை துருவலின் மேல் நின்றது.

"எக்பர்ட்டோட தம்பி குவளையை நீட்டினான். மண்ணுக்குக் கொஞ்சம் ஊத்திட்டு மிச்சத்த நான் குடிக்கணும். வேணாம்னா செத்தவனையே வேணாம்னு சொன்ன மாதிரி. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. 'ஆஸ்லின் வீட்டுக்குள்ள விடமாட்டாளோ?'ன்னு ஒருத்தன் கேக்கறான், மத்தவன்லாம் இளிக்கறான். ஒரு மடக்கு வாயில விட்டேன். முழுங்கல. வேலிப் பக்கம் போய்க் கால்வாய்ல துப்பிட்டேன். நீ வேலையில துப்பற மாதிரி."

அவள் இந்த மாதிரிக் கதைகள் நிறையக் கேட்டிருக்கிறாள். குடித்த காலத்தில் அவன் கதைகளில் விவரம் குறைந்ததே இல்லை. வேலி இருக்கும், கால்வாய் இருக்கும், யார் என்ன சொன்னான் என்பதும் இருக்கும். சோர்வு அவள் முதுகுத்தண்டில் இறங்கியது. இவன் குடித்தே இருக்கலாம், குடித்திருந்தால் இந்தக் காவல் இன்றோடு முடிந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அவள் மறுக்கவில்லை.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றான் அவன். "அந்த அறுபத்துமூணு சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"எரிச்சல் அடங்கினப்புறம் ஒரு கசப்பு வருது. உடனே இல்ல, பத்து நிமிஷம் கழிச்சு. நாக்கோட அடியில. நிறத்துக்குச் சர்க்கரை காய்ச்சிச் சேப்பீங்களே, அதை எவனோ அடுப்புல கருக விட்டிருக்கான். ஒரு மணி நேரம் போகல. அவங்க பாட்டெல்லாம் பாடி முடிக்கிற வரைக்கும் நான் அதையேதான் சப்பிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"வேற யாராவது சொன்னாங்களா?"

"அவங்களுக்கு எங்க தெரியப்போகுது? கசப்பு வர்றதுக்குள்ள ரெண்டாவது மடக்கு உள்ள போயிடுதே. அது முதல் மடக்கக் கழுவிடும்."

ஆஸ்லின் தேங்காயைக் கீழே வைத்தாள். பதினெட்டுக் கோப்பை, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம், எல்லாம் தண்ணீர் கலந்தது. கசப்பு வருவதற்கு யார் காத்திருந்தார்கள்? அந்தக் கசப்பு உண்மை என்றால், ஒரே ஒரு மடக்கோடு நிறுத்தியவனுக்குத்தான் அது தெரிந்திருக்கும்.

அவள் எதை யோசிக்கிறாள் என்பது வின்ஃபீல்டுக்குப் புரிந்தது.

"நம்பறேன்னு சொல்லாத," என்றான். "காலைல போய்ப் பாத்துட்டு வா."

அவன் எழுந்து சட்டையைக் கழற்றப் போனான். நம்புகிறேன் என்று அவளும் சொல்லவில்லை.

காலையில் மூக்கு திரும்பியிருந்தது. பஸ்ஸின் டீசல் புகையை அவள் நன்றியோடு முகர்ந்தாள். ஏழு மணிக்குக் கலவை அறையில் யாரும் இல்லை. ஏப்ரல் சரக்கின் மாதிரிப் பாட்டிலை எடுத்தாள். தண்ணீர் சேர்க்கவில்லை. அறுபத்துமூன்றை அப்படியே வாயில் விட்டு இருபது எண்ணினாள். ஈறு எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. துப்பினாள். வாயைக் கொப்பளிக்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

முதலில் வெல்லப்பாகு வந்தது, பிறகு உலர்ந்த திராட்சை, அதன் பின்னால் நனைந்த மரம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் அழகாக அடங்கியது. அந்த விலைக்கு யோக்கியமான ரம் என்றே யாரும் சொல்வார்கள். எட்டு நிமிடம். ஒன்பது. ஒன்றும் இல்லை.

கசப்பு வந்தால் இருபத்திரண்டு வருடப் பெயர் போகும். ஏப்ரல் தாளில் இருப்பது அவள் கையெழுத்து. வராவிட்டால் பத்து மணிக்குக் கடிதம் போகும், பெயர் அப்படியே இருக்கும், வின்ஃபீல்ட் பொய்யன் ஆவான். அரிசி டப்பாவிலும் கூரை இடுக்கிலும் பாட்டில் தேடுகிற நாட்கள் மறுபடி தொடங்கும். தான் எதைக் கேட்கிறோம் என்று ஆஸ்லினுக்குத் தெரிந்தது. வந்துவிடு, என்று கேட்டாள். ஒரு குறை வரவேண்டும் என்று அந்த மேசையில் அவள் வேண்டியது அதுதான் முதல் முறை.

பன்னிரண்டாவது நிமிடம் அது வந்தது. நாக்கின் அடியில், நூல் மாதிரி. கற்பனையோ என்று அசையாமல் இருந்தாள். நூல் தடித்தது, தொண்டைவரை பரவியது. கருகிய சர்க்கரை. சந்தேகமே இல்லை.

அவள் கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அந்தக் கசப்போடு இருந்தாள். பிறகு தாளை எடுத்து எழுதினாள்: குறை உண்டு. ஏப்ரலில் கவனிக்காமல் அனுமதித்தது நான்.

எட்டரைக்கு பிஸ்நாத் வந்து படித்தார். "என்ன இது? நேத்து ஒண்ணும் இல்லைன்னீங்களே!"

"ஒரு மடக்கு வாயில விட்டுத் துப்புங்க. தண்ணி வேணாம். அப்புறம் பன்னெண்டு நிமிஷம் பேசாம இருங்க."

"நானா? பேசாமயா?"

ஆனாலும் செய்தார். இருவரும் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவர் முகம் எப்போது மாறும் என்று அவள் காத்திருந்தாள். உள்ளே நிம்மதிதான். அதன் அடியில் வேறொன்று மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. அவன் சொன்னது நேற்று ஆறரை மணிக்கும் உண்மையாகத்தான் இருந்தது. அவள் நம்பியது இப்போதுதான், அதுவும் தன் நாக்கை.

பிஸ்நாத்தின் உதடு கோணியது. "அடச்சே," என்றார்.

இன்று பதினெட்டுக் கோப்பைகள் இல்லை. மாலையில் மூக்கு நன்றாகவே வேலை செய்யும். அவன் வந்து கன்னத்தைக் கொடுப்பான்; அவள் மூச்சு தானாக உள்ளே போகும். அதை நினைத்தபோதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.