மரத்துப்போன கால்

குன்னூருக்கு மேலே, எஸ்டேட்டுக்குள் போகும் ஏற்றச் சாலையில் படக்குழு காலையிலேயே வந்து கேமராவை நிறுத்தியிருந்தது. ஜெஸிந்தாவைப் பற்றிய ஆவணப்படம் அது. அருவங்காட்டில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இந்த ஏற்றத்திலேயே ஓடிப் பழகி, வெளிநாட்டில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவள் அவள். ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் மாடிப்படியில் விழுந்து கால் முறிந்தது, அதோடு ஓட்டமும் நின்றது. பத்திரிகைகளில் அப்படித்தான் வந்திருந்தது. இப்போது கோயம்புத்தூரில் அரசு வேலையில் இருக்கிறாள்.

இயக்குநர் சுவாதி சென்னைக்காரி. பழைய வீராங்கனையும் புதியவளும் பனிக்குள்ளிருந்து சேர்ந்து ஓடி வருகிற மாதிரி ஒரு காட்சி அவளுக்கு வேண்டியிருந்தது. புதியவள் அல்ஃபியா. குன்னூர் பஜாரில் பேக்கரி வைத்திருக்கும் அப்துல் கஃபாரின் மகள், பதினேழு வயது. ஜெஸிந்தாவை ஆளாக்கிய கோச் ஞானசீலனிடம்தான் இவளும் பயிற்சி எடுக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இந்திய அணிக்கான தேர்வு. மெதுவாக ஓடினால் போதும் என்று சொல்லி, இரண்டு பேரின் ஜெர்சிக்குள்ளும் சின்ன மைக்கைப் பொருத்தினார்கள்.

வளைவுக்கு அப்பால் போய் நின்று, அங்கிருந்து இறங்கி ஓடி வந்தார்கள். ஜெஸிந்தா தன் காலை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தாள். ஆனால் பக்கத்தில் விழுந்த காலடிச் சத்தம் அவளை இழுத்தது. ஒரு கால் அழுத்தமாக விழுந்தது. மற்றது தரையைத் தொட்டதுமே தப்பித்துக்கொண்டது. ஜெஸிந்தா நின்றுவிட்டாள்.

“இடது கால்ல என்ன?”

ஒன்றுமில்லை என்றாள் அல்ஃபியா. ஜெஸிந்தா குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தேயிலைச் செடியைப் பற்றிக்கொண்டாள்.

“ஓட ஆரம்பிச்சா சரியாப் போயிருதுங்க்கா. ஞாயித்துக்கிழமை காலையில சார் ஊசி போட்டுடறேன்னு சொல்லியிருக்காரு. போட்டா மரத்துப் போயிருமாம். கடையில அத்தாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா என்னை ஓடவே விடமாட்டாங்க.”

பதக்கம் வாங்கிய இறுதிப் போட்டியன்று ஞானசீலன் ஜெஸிந்தாவுக்குப் போட்டதும் அதே ஊசிதான். கடைசிச் சுற்றில் எலும்பு பிளந்தது. வலி தெரியவில்லை. கால் இருப்பதே தெரியவில்லை. பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அறைக்கு வந்து, மருந்தின் வேகம் இறங்கிய பிறகுதான் அலறினாள். ஊருக்கு வந்ததும் அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள். மாடிப்படிக் கதையைக் கட்டியவர் ஞானசீலன். அவளும் எல்லோரிடமும் அதையே சொன்னாள், தன் அப்பாவிடம்கூட.

கீழே வந்தபோது சுவாதி ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே நின்றிருந்தாள். மைக் வேலை செய்துகொண்டிருந்ததை இருவருமே மறந்துபோயிருந்தார்கள்.

சுவாதி ஜெஸிந்தாவை வேனுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். இதுதான் படம், இத்தனை நாள் எடுத்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்றாள். படம் எடுத்துக்கொள்ளப் பெண்ணின் அப்பா ஏற்கெனவே சம்மதித்துவிட்டார், சட்டப்படி எந்தத் தடையும் இல்லை என்றும் சொன்னாள். அதற்குள், கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஞானசீலன் அல்ஃபியா அழுவதைப் பார்த்து வந்துவிட்டார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோபப்படாமல், பதிவானதை அழித்துவிடும்படி சுவாதியிடம் கேட்டார். அல்ஃபியா ஜெஸிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூன்று பேரும் ஜெஸிந்தாவையே பார்த்தார்கள்.

“அந்தப் புள்ள பேசுனதை அழிச்சிருங்க,” என்றாள் ஜெஸிந்தா சுவாதியிடம். “என் கண்ணு முன்னாடியே அழிக்கோணும். அவ இன்னும் கொழந்தை. உங்களுக்கு வேணும்னா நான் பேசறேன்.”

சுவாதி வெகுநேரம் தயங்கினாள். பிறகு ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னாள். ஞானசீலன் நிம்மதியாக மூச்சு விட்டார். அத்தோடு முடிந்தது, இனி வழக்கமான பேட்டிதான் என்று நினைத்துத்தான் அவர் அடுத்த காட்சிக்காகப் போட்டிருந்த நாற்காலியில் ஜெஸிந்தாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கேமரா ஓட ஆரம்பித்தது. ஜெஸிந்தா டிராக் பேண்டை முழங்கால் வரை சுருட்டித் தழும்பைக் காட்டினாள். மாடிப்படியில் விழவில்லை என்று ஆரம்பித்து, ஊசியையும் கடைசிச் சுற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ஞானசீலன் குறுக்கே பேசினார். “அன்னைக்கு நான் ஊசி போடலீன்னா உன் கழுத்துல பதக்கம் ஏறியிருக்குமா ஜெஸி?”

“ஏறியிருக்காதுங்க சார். அதனாலதான் இத்தன வருசம் வாயத் தொறக்கல.”

அவர் எழுந்து போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. முழங்கால்களில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்துவிட்டு, தன் கோச்சும் தனக்கு இப்படித்தான் போட்டுவிட்டார், வலிக்கிறதா என்று தன்னை எவனும் கேட்டதில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அல்ஃபியாவின் பெயரை ஜெஸிந்தா ஓரிடத்திலும் எடுக்கவில்லை. ஆனால் மைக்கைக் கழற்றிக் கொடுத்ததும் படக்குழுவின் ஜீப்பைப் பஜாருக்கு விடச் சொன்னாள். அல்ஃபியா ஓடிவந்து ஏறிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடிவிடுகிறேன், அதன் பிறகு எந்த டாக்டரிடமும் வருகிறேன் என்று வழி நெடுகக் கெஞ்சினாள். ஜெஸிந்தா ஜீப்பைத் திருப்பச் சொல்லவில்லை. தானும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

அப்துல் கஃபார் கல்லாவுக்கு முன்னால் நின்று வர்க்கி பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். ஜெஸிந்தா சொன்னதை முழுக்கக் கேட்டார். மகளைத் திட்டவில்லை. வெளியே வந்து அவள் காலடியில் குந்தி உட்கார்ந்து, எங்கே என்று கேட்டு மெல்லத் தொட்டார். அல்ஃபியா கத்திவிட்டாள். அவர் ஷட்டரை இழுத்து மூடினார்.

மறுநாள் கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் முடியளவு விரிசல். ஒரு பெரிய பந்தயம் ஓடியிருந்தால் மொத்தமாக முறிந்திருக்கும் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை வேறொரு பெண் அணிக்குத் தேர்வானாள். அன்று மாலை அல்ஃபியா போனில் அழைத்தாள்.

“உங்களுக்குப் பதக்கம் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?” அவ்வளவுதான் கேட்டாள். ஜெஸிந்தா வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

படம் வெளிவந்தது. பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சிலர் எழுதினார்கள். ஞானசீலனிடமிருந்து இரண்டு குடும்பத்தினர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள், மற்றவர்கள் நிறுத்தவில்லை. அவர் இப்போதும் மைதானத்துக்கு வருகிறார். ஜெஸிந்தாவின் அப்பா படத்தை அருவங்காட்டு வீட்டில் தனியாகப் பார்த்தார். பிறகு அவள் வீட்டுக்கு வந்தபோது, “அத்தன வலிய எங்கிட்ட ஏன் கண்ணு சொல்லல?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த கோடையில் ஜெஸிந்தா பேக்கரிக்குப் போனபோது கல்லாவில் அல்ஃபியா இருந்தாள். கேட்டதை எடுத்துக் கொடுத்தாள், முகம் பார்க்கவில்லை. ஜெஸிந்தா படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“உங்களுக்கு இன்னும் வலிக்குதாக்கா?”

“குளிருக்கு வலிக்கும்.”

“எனக்கு வலிக்கறதில்ல. போன வாரத்திலிருந்து ஓடறேன்,” என்றாள் அல்ஃபியா. அதைக் கோபமாகத்தான் சொன்னாள்.