மைனஸ் ஒன்பது

எட்டு மாதமாக அபிதா தேவயானியை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கூப்பிடாமலே காரியம் சாதிக்க அந்த எட்டு வயசுக்காரி நூறு வழி வைத்திருந்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பாள். தலை பின்ன வேண்டுமென்றால் சீப்பைத் தேவயானியின் மடியில் போடுவாள். தேவயானி அடுப்பைப் பார்த்து நின்றால் கதவைத் தட்டுவாள். தெருவில் போகும்போது பின்னாலிருந்து முந்தானையை இழுப்பாள். அப்பாவிடம் பேசும்போதுகூட "அவுக சொன்னாக" என்பதோடு சரி. கல்யாணமான புதிதில் முத்துராஜா மகளிடம் "அம்மான்னு கூப்பிடு ஆத்தா" என்று கெஞ்சிப் பார்த்தான். அவனுடைய அக்கா அய்யம்மாள், "சித்தின்னு கூப்பிட்டாப் போதும், அதுக்கு மேல எதுக்கு" என்று வெட்டினாள். அபிதா இரண்டையுமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெற்றவள் காய்ச்சலில் போய் மூன்று வருடம்தான் ஆகிறது, அவசரப்படுத்த இதில் என்ன இருக்கிறது என்று தேவயானியும் விட்டுவிட்டாள். ஆசை இல்லாமல் இல்லை. பொய் சொல்வானேன், நிறையவே இருந்தது.

சித்திரைத் திருவிழாவுக்கு மார்க்கையன்கோட்டையிலிருந்து நாலு பேரும் முத்துராஜாவின் லோடு வேனிலேயே வீரபாண்டிக்கு வந்து இறங்கினார்கள். முத்துராஜாவுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிற நேர்த்திக்கடன். துணைக்கு அய்யம்மாள். நாலு மணி வெயில் இன்னும் முதுகைச் சுட்டுக்கொண்டிருந்தது.

"நாங்க முடிச்சுட்டு வர ஆறு மணியாயிரும். நீ புள்ளைக்கு ராட்டினமெல்லாம் காட்டிட்டு ஆர்ச்சுக்கிட்ட வந்து நில்லு" என்றான் முத்துராஜா.

அய்யம்மாள் போகிற போக்கில் திரும்பினாள். "கைய விட்றாத தேவயானி. செத்துப்போன மகராசி விட்டுட்டுப் போன ஒத்த உசுரு அது."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அங்கே நின்ற ஊர்க்காரப் பெண்கள் நாலைந்து பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். இந்தப் பிள்ளையைத் தனியாகத் தன்னை நம்பி விட்டது இதுதான் முதல் தடவை என்று தேவயானிக்கு உறைத்தது. ஏதாவது ஒன்று ஆனால் சித்திக்காரி வேலையைக் காட்டிவிட்டாள் என்று ஊரே பேசும். அந்தப் பேச்சு சாகிற வரைக்கும் போகாது.

தேவயானியைப் பற்றி ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அவள் கண்ணாடியின் பவர் மைனஸ் ஒன்பது. சின்னமனூரில் ஜெராக்ஸ் கடையில் வாங்குகிற சம்பளத்தைச் சேர்த்துவைத்து மெல்லிசு லென்ஸாகப் போட்டிருந்ததால் யாருக்கும் அது புரியவில்லை. அப்படியும் அய்யம்மாள் ஒருநாள் அடுத்த வீட்டில் "சோடாப்புட்டி" என்று சிரித்தது காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து முகம் கழுவுவதுகூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான். புருஷனுக்கு மட்டும் தெரியும், கண்ணாடியைக் கழற்றினால் அவளுக்கு அரைச் சாணுக்கு அப்பால் உலகம் கலங்கல் என்று. கண் போன ராஜா ஒருவன் இந்த வீரபாண்டியில் வேண்டிக்கொண்டுதான் பார்வை பெற்றான் என்பார்கள். தேவயானிக்கு அவள் அப்பாவும் சின்ன வயசிலேயே ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர் வாங்கி இங்கே உண்டியலில் போட்டார். அம்மனுக்கு ஆயிரம் ஜோலி. பவர் வருடா வருடம் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அபிதா தேவயானியின் விரலை இழுத்து, டிராகன் ரயில் பக்கம் கையைக் காட்டினாள்.

இரும்புத் தண்டவாளம் ஏறி இறங்கி வளைந்து ஓடியது. முன்பெட்டிக்கு வாயைப் பிளந்த பச்சை டிராகன் தலை. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களோடுதான் ஏற வேண்டும் என்று பலகை சொன்னது. டிக்கெட் வாங்கி, செருப்பைக் கீழே விட்டுவிட்டு, இருவரும் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, கண்ணாடியக் கழட்டுங்க" என்றான் கம்பி பூட்டிக்கொண்டே வந்த ஆள்.

"இது பவர் கண்ணாடிங்க."

"பவரோ கூலிங்கோ, கயிறு கட்டலைன்னா வளைவுல பறந்துரும்க்கா. கீழ நிக்கிற ஆளு மூஞ்சியில அடிக்கும். நேத்துக்கூட ஒருத்தருக்குப் புருவத்துல ரத்தம். கழட்டிக் கையில வச்சுக்கங்க."

நியாயமான பேச்சு. மறுக்க வழியில்லை. தேவயானி முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினாள். சேலையைக் காலுக்கடியில் செருக வேண்டியிருந்தது. "இத ஒரு நிமிசம் பிடி" என்று அபிதாவின் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள்.

அந்த நேரம் பார்த்து டிராகன் வாயிலிருந்து புகையும் ஒரு உறுமலும் வந்தன. பக்கத்தில் இருந்த சூடு சட்டென்று இல்லாமல் போனது. நிமிர்ந்தபோது இடது பக்கம் சீட்டு வெறுமையாக இருந்தது. கம்பி அவள் மடியில் விழுந்து பூட்டிக்கொண்டது. ரயில் கிளம்பிவிட்டது.

"நிறுத்துங்க! பிள்ளை எறங்கிருச்சு! நிறுத்துங்க!"

டிராகன் ரயிலில் நிறுத்துங்க என்று கத்தாதவர் யார்? முன்னால் பத்துப் பேர் அதையேதான் சிரித்துக்கொண்டு கத்தினார்கள். மோட்டார் போடுகிறவனுக்கு அது பழகிப்போன பாட்டு. மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஏறிய இடத்தைத் தாண்டும்போது தேவயானி மஞ்சளைத் தேடினாள். அபிதாவுக்கு அய்யம்மாள் வாங்கிக் கொடுத்திருந்தது மஞ்சள் பாவாடை, மஞ்சள் சட்டை. ஆனால் அம்மன் கோயில் திருவிழாவில் மஞ்சள் கட்டாதவர்கள் யார் இருக்கிறார்கள்? கீழே மஞ்சள் கரைத்து ஊற்றிய மாதிரி கூட்டம் அசைந்தது.

இறங்குகிற வழி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். படிகளைக் காலால் துழாவி இறங்கி, இரும்பு வேலியைத் தடவிக்கொண்டே ஏறிய இடத்துக்குச் சுற்றி வந்தாள். செருப்பைத் தேடவில்லை.

வாய்விட்டுக் கூப்பிட்டிருக்க வேண்டும். அதைத்தான் செய்யவில்லை. கத்தினால் கூட்டம் கூடும், ஊர்க்காரி எவளாவது இருப்பாள், அடுத்த நிமிடம் அய்யம்மாள் காதுக்குப் போய்விடும். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். பஞ்சுமிட்டாய்க்காரன் பக்கத்தில் ஒரு மஞ்சள், பிள்ளை உயரத்துக்கு, அசையாமல் நின்றது. அதையே உற்றுப் பார்த்தாள். அது ஓடி வரவில்லை, ஒரு சத்தம் கொடுக்கவில்லை. நம் பிள்ளையென்றால் நம்மைப் பார்த்ததும் ஓடி வந்திருக்காதா? முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தம்பி, மஞ்சப் பாவாடை கட்டுன பிள்ளை ஒண்ணு, இப்ப எறங்குனது..."

டிக்கெட் கிழிக்கிறவன் சிரித்தான். "எல்லாம் மஞ்சப் பாவாடைதான்க்கா. சித்த முந்தி ஒரு புள்ளை அழுதுக்கிட்டே ஆத்துப் பக்கம் போச்சு. அதுவா இருக்கும்."

ஆறு என்றதும் மற்றதெல்லாம் மறந்துபோனது. யார் மேல் இடிக்கிறோம், யார் திட்டுகிறார்கள் என்று பார்க்காமல் ஓடினாள். முல்லையாற்றில் இடுப்பளவுத் தண்ணீர். குளிக்கிறவர்கள், தலைமுழுகுகிறவர்கள், சத்தம். நடு ஆற்றில் ஒரு மஞ்சள் மெதுவாகப் புரண்டு போய்க்கொண்டிருந்தது. சேலையோடு இறங்கினாள். காலுக்கடியில் கல் வழுக்கியது. இரண்டு தடவை தண்ணீர் குடித்து, எட்டிப் பிடித்து இழுத்தபோது கையில் துணி மட்டும்தான் வந்தது. யாரோ குளித்துவிட்டு ஆற்றில் விட்ட ஈர வேட்டி. அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகுதான் அவளுக்குத் தொண்டை திறந்தது.

"அபிதா! ஏ அபிதா!"

கரையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "யாரத்தா தேடுற?" என்றது ஒரு குரல். "காணாமப் போனா போலீஸ் பந்தல்ல மைக்குல சொல்லுவாக, வெரசாப் போ. இப்படியே நேரா." பதில் சொல்லக்கூட நிற்காமல் ஈரச் சேலை காலைத் தட்டத் தட்ட ஓடினாள்.

பந்தலில் மைக்கைப் பிடித்திருந்தவர் ஒரு நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு பெயர் கேட்டார். தேவயானியின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில், நனைந்துபோன செல்போன் அடிக்க ஆரம்பித்தது. மூக்குக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்தாள். மதினி என்று இருந்தது, அய்யம்மாள்தான். எடுக்கவில்லை.

"இந்த மைக்கு கோயில் வரைக்கும் கேக்குமா சார்?"

"பாலம் வரைக்கும் கேக்கும்மா. சொல்லட்டுமா, வேணாமா?"

கோயில் வரைக்கும் கேட்கும். அய்யம்மாளுக்குக் கேட்கும், முத்துராஜாவுக்குக் கேட்கும், ஊர்க்காரப் பெண்களுக்குக் கேட்கும். கேட்டால் கேட்கட்டும். பிள்ளை கிடைத்தால் போதும், அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம்.

"சொல்லுங்க சார். அபிதா. எட்டு வயசு, மார்க்கையன்கோட்டை. மஞ்சப் பாவாடை, செவப்பு ரிப்பன், ரெட்டைச் சடை. மேல் பல்லு ஒண்ணு பாதிதான் மொளைச்சிருக்கு. எடது காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம்." எட்டு மாதம் தலை சீவியவளுக்கு அரைச் சாண் தூரத்தில் தெரியாதது என்ன இருக்கிறது?

"நீங்க புள்ளைக்கு என்ன வேணும்?"

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவர் காத்திருந்தார்.

"அம்மா" என்றாள்.

மைக் கரகரத்தது. மார்க்கையன்கோட்டை அபிதா எங்கிருந்தாலும் போலீஸ் பந்தலுக்கு வரவும், உன் அம்மா தேவயானி இங்கே காத்திருக்கிறார். அடுத்தடுத்த கம்பங்களிலிருந்து அதே வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில் பக்கம் போயின. இரண்டாம் தடவை சொல்ல ஆரம்பித்தபோது தேவயானியின் முந்தானை பின்னாலிருந்து இழுபட்டது.

அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். எட்டு மாதமாகத் தெரியும். மண்டிபோட்டு உட்கார்ந்து, மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பாதி முளைத்த பல். கன்னமெல்லாம் காய்ந்த கண்ணீர்.

"எங்கனடி போன?"

"எங்கனயும் போகல. ஒங்க பின்னாடியேதான் வந்தேன்."

"பின்னாடியா?"

"ரயிலுக்கிட்டயே நின்னேன். பஞ்சுமிட்டாய் விக்கிறவருக்கிட்ட. நீங்க என்னையப் பாத்தீக. மொறைச்சுப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டீக." அபிதா கையை விரித்தாள். இரண்டாக உடைந்த கண்ணாடி. ஒரு லென்ஸ் நொறுங்கியிருந்தது. "ஒருத்தவுக இடிச்சதுல விழுந்துருச்சு, மிதிச்சுட்டாக. அதான் கோவம்னு நெனச்சேன்."

தேவயானி அந்தச் சின்னத் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். "நான் மொறைக்கல ஆத்தா. இது இல்லாட்டி எனக்குக் கண்ணு தெரியாது. நீதான் நிக்கிறேன்னே எனக்குத் தெரியல."

அபிதா அதை யோசித்தாள். இப்படி ஒன்று இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. "ஆத்துக்கும் வந்தேன். நீங்க தண்ணிக்குள்ள எறங்குனீக. பேரு சொல்லிக் கூப்புட்டீக. நான் எறங்கி வாறதுக்குள்ள ஏறி ஓடிட்டீக. ஓடியாந்தேன், எட்டல."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல? கூப்புட்டிருந்தா நின்னிருப்பேனே!"

"என்னன்னு கூப்பிட?"

எதிர்த்துப் பேசவில்லை அவள். கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரி, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். இருபதடி தூரத்தில் ஓடுகிறவளின் முந்தானையை எப்படி இழுப்பது? சொம்பு இல்லை, சீப்பு இல்லை, தட்டுவதற்குக் கதவும் இல்லை. தன் பேரைக் கேட்டுக்கொண்டே பிள்ளை வாயடைத்துப் பின்னால் ஓடி வந்திருக்கிறது.

"மைக்குல ஒன் அம்மான்னு சொன்னாக" என்றாள் அபிதா.

"நாந்தான் சொன்னேன்."

"எங்கம்மா போட்டோல இருக்காக."

"தெரியும்டா. ஒனக்குப் பிடிக்கலைன்னா இனிமே சொல்ல மாட்டேன்."

அபிதா சரியென்று தலையை ஆட்டினாளா, வேண்டாமென்று அசைத்தாளா என்று தேவயானிக்குத் தெரியவில்லை. செல்போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"என்னடி மைக்குல சொல்றான்? புள்ளை எங்க? ஈரக்கொலையே நடுங்குது எனக்கு!"

"இருக்கா மதினி. கையிலதான் இருக்கா. ஆர்ச்சுக்கு வாறோம்."

பந்தலைவிட்டு இறங்கியதும் எதிரே அக்கினிச்சட்டிக் கூட்டம் வந்தது. தேவயானிக்குச் சிவப்புச் சிவப்பாகக் கலங்கல்தான். எது அருகில், எது தூரத்தில் என்று பிடிபடவில்லை. ஒரு சூடு முகத்தில் அடித்தபோது அபிதா வெடுக்கென்று அவளை ஓரத்துக்கு இழுத்தாள். சட்டி ஒரு முழத் தூரத்தில் கடந்துபோனது. பின்னால் வந்த கூட்டம் இருவரையும் நெட்டித் தள்ளியது. அபிதா கெட்டியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, எட்டு மாதம் அடக்கிவைத்த தொண்டையைத் திறந்தாள்.

"தள்ளுங்க! தள்ளிப் போங்க! எங்க சித்திக்குக் கண்ணு தெரியாது!"

உறுமி மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கூட்டம் வழிவிட்டது. யாரோ ஐயோ பாவம் என்றார்கள். ஊர்க்காரிகள் இருந்தால் அவர்களுக்கும் கேட்டிருக்கும், ஆர்ச்சுக்கடியில் நிற்கிற அய்யம்மாளுக்கும் கேட்டிருக்கும். இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு காப்பாற்றிய ரகசியம் நடுத்தெருவில் போய்விட்டது. தேவயானிக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. இன்னொரு தடவை சித்தி என்று சொல்ல மாட்டாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த சட்டிக் கூட்டம் எதிரே வந்ததும் அபிதா சொன்னாள்.