ஏழாம் நம்பர் பெட்டியில் மூன்று பேர்

அக்காவோடு எங்கே போனாலும் என் மானம் போகும். பேருந்தோ, ஆஸ்பத்திரி பெஞ்சோ, எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துவிடுவாள். யாராவது உட்கார வந்தால், "ஆள் இருக்கு" என்பாள். அந்த ஆள் அத்தான். போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவர்.

இடம் மாறினால் மனசு மாறும் என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் இந்த மலைக்கு அவளை இழுத்து வந்தேன். துரும்பாக இளைத்துவிட்டாள். எதைச் சாப்பிட்டாலும் பாதியை அவருக்கென்று ஒதுக்கி வைக்கிறாள். இப்படியே விட்டால் அக்காவும் எனக்கு இல்லாமல் போய்விடுவாள் என்று பயம். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

கேபிள் கார் நிலையத்தில் ஒரு வழக்கம். கீழே கதவு சாத்துகிறவர் ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை பேர் என்று மேலே போனில் சொல்கிறார். மேலே இருப்பவர் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்களா என்று பார்த்த பிறகுதான் பெட்டியைத் திருப்பி அனுப்புவார். யாராவது உள்ளேயே தூங்கிப்போய்ச் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாதாம்.

எங்கள் பெட்டிக் கதவைச் சாத்திவிட்டு அவர் போனை எடுத்தார்.

"ஏழாம் நம்பர். மூணு பேர்."

"ஏங்க, கண்ணு தெரியுதா இல்லையா? ரெண்டு பேர்தானே இருக்கோம்!" என்று கண்ணாடியைத் தட்டினேன். அவர் அதற்குள் அடுத்த பெட்டிக்குத் திரும்பிவிட்டார். அக்கா சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்துச் சிரிக்கிறாள், அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எதிரெதிரே உட்கார்ந்தோம். அக்காவைப் போல நான் ரெண்டு பங்கு இருப்பேன். அத்தான் எனக்கு வைத்த பெயரே பூசணி. காரில் ஏறினால், "பூசணி, நடுவுல உக்காரும்மா, வண்டி சாஞ்சிடப் போகுது" என்பார். நானும் விடமாட்டேன், அவர் வழுக்கையை ஒரு வழி பண்ணிவிடுவேன். அவர் போனதற்கு நான் இன்னும் சரியாக அழவில்லை. அக்காவைப் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது.

பெட்டி நிலையத்தை விட்டு அந்தரத்தில் ஏறியதும் சாய்ந்தது. என் பக்கம் அல்ல, அக்கா பக்கம். என் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டுபோய், அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்குக் கீழே நின்றது.

"காத்து," என்றேன்.

வெளியே மூடுபனி அசையாமல் நின்றது. காற்று என்று பெயருக்குக்கூட இல்லை.

மேலே கதவு திறந்தது. நான் இறங்கினேன், அக்கா இறங்கினாள். மேலே இருந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டிவிட்டுச் சாத்தினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

காட்சி மேடையில் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே பள்ளம் தெரியவில்லை, வெள்ளையாகப் பனிதான் தெரிந்தது. கடைசிப் பெட்டிக்கு மணி அடித்தார்கள்.

"வாக்கா, போலாம்."

"நீ போடி. இங்க வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீரா வருது. அவரு கீழ வரமாட்டேங்கறார். தனியா விட்டுட்டு நான் எப்படி வருவேன்?"

ஒரு காலைக் கீழ்க்கம்பியில் தூக்கி வைத்தாள். அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவரை என்கிட்ட விடுக்கா. நான் பாத்துக்கறேன். சத்தியமா."

அக்கா பக்கத்தில் திரும்பி, யாரிடமோ உத்தரவு கேட்பதுபோலப் பார்த்தாள். பிறகு காலை இறக்கினாள்.

"சரிங்கறார்," என்றாள்.

இறங்கும்போதும் போனில் மூன்று என்றுதான் சொன்னார்கள். இந்த முறை பெட்டி என் பக்கம் சாய்ந்தது. என் கனம்தான், வேறென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா எதிரே வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள், குறட்டைகூட விட்டாள். பாதி தூரம் வந்த பிறகுதான் கவனித்தேன், நான் ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். எப்போது நகர்ந்தேன், யாருக்கு இடம் விட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. இடது தோள் மட்டும் சில்லிட்டிருந்தது.

விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் அக்கா எனக்கு முன்னால் ஓடி ஏறி, முன்பின் தெரியாத ஓர் அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்து, அந்த அம்மாளுக்கும் நீட்டி, மிச்சத்தை முழுசாகத் தின்று தீர்த்தாள். அத்தானுக்கென்று ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. பின் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அக்கா எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள்.

"இங்க உக்காரலாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

பக்கத்து இடத்தில் என் கைப்பை இருந்தது.

"ஆள் இருக்கு," என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் எரிச்சல்.

"ஏண்டி மானத்த வாங்கறே? அங்க யாருடி இருக்கா?"