பாதி படித்த தீர்ப்பு

கண்ணாடிக்கடைக்காரருக்கு வாசகர் வட்டத்தில் 'நீதிபதி' என்று பெயர். மாதம் பிறந்தால் நூலக மாடியில் எழுந்து நின்று, புதிதாகப் படித்தவற்றுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அன்று அக்காவையும் அழைத்து வந்திருந்தார். அப்பா போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள், வெளியே தலைகாட்டுவதே இல்லை.

முதலில் ஒரு நாவல், கப்பல் சமையல்காரனின் கதை. "கடைசி அம்பது பக்கம் இழுவை. ஆனா கடலை எழுதியிருக்கான் பாருங்க, படிக்கிற நமக்கே தலை சுத்துது" என்றார். அடுத்தது, படுக்கையில் விழுந்த தந்தையைப் பார்த்துக்கொண்ட மகள் ஒருத்தி எழுதிய அனுபவ நூல்.

"அப்பாவைத் துடைச்சு விடும்போது, சீக்கிரம் போய்ச் சேர்ந்தா தேவலைன்னு நினைச்சாங்களாம். பெத்த அப்பாவை எந்தப் பொண்ணாவது அப்படி நினைப்பாளா? புத்தகம் விக்கணும்னா என்ன வேணா எழுதுறதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்தது. அக்கா மட்டும் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் கேட்டாள்: "அதை முழுசா படிச்சியா?"

"பாதி. அதுக்கு மேல போகல."

"நான் நினைச்சிருக்கேன்டா."

"எதை?"

"அந்தப் பொண்ணு நினைச்சதை. விரிப்பை மாத்தி முடிக்கிறதுக்குள்ள அப்பா மறுபடியும் நனைச்சுடுவார். ஒரு தடவை வாய்விட்டே சொல்லிட்டேன். அவருக்குக் காது நல்லா கேக்கும். நீ ஞாயித்துக்கிழமை போன்ல, அப்பாவுக்கு நிறைய தண்ணி குடுன்னு சொல்லுவ. சரின்னு வெச்சுடுவேன்."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். அவருக்கு முகம் எரிந்தது. பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். அப்படிப் பார்த்ததற்கும் சேர்த்துக் கூசிப்போனார்.

மறுநாள் கடையில் ஆளில்லாத நேரத்தில் மீதியைப் படித்தார். நகம் வெட்டும்போது தந்தையின் விரலில் காயமாக்கிவிட்டு, அந்த மகள் அவர் காலடியில் உட்கார்ந்து அழுகிற பக்கத்தில், கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்தார். "போன தடவை நான் சொன்னது தப்பு. பாதிதான் படிச்சிருந்தேன். மீதியைத் தெரிஞ்சவங்க எங்க வீட்டுலயே இருந்தாங்க. நான் கேட்டதே இல்ல."

"அட விடுங்க நீதிபதி, அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? இந்த மாசம் என்ன படிச்சீங்க?" என்றார் நூலகர்.

அவர் உட்கார்ந்தார். எவ்வளவோ கூப்பிட்டும் அக்கா இந்த முறை வரவில்லை. "தலை வலிக்குது, நீ போய்ட்டு வாடா" என்று சொல்லிவிட்டு, அவர் படியிறங்கும்வரை சிரித்த முகமாகத்தான் வாசலில் நின்றிருந்தாள்.