மார்லீனின் இடது கண்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குத் தலையைச் சுற்றி மாட்டும் கம்பிச்சுருளைக் காயில் என்போம். அதைச் செய்தவர்தான் அதில் முதலில் தலையை வைக்க வேண்டும் என்பது நெதர்லாந்தில் எங்கள் மாஸ்திரிக்ட் ஆய்வகத்தின் பழக்கம். மார்லீன் இரண்டு வருடம் மாரடித்துச் செய்த காயில் இது. ஸ்கேனரின் காந்தமோ ஆஸ்பத்திரியில் இருப்பதைவிட மூன்று மடங்கு பலம். மூளையின் புறணியை அடுக்கடுக்காகப் பார்க்கலாம் என்று எல்லோரும் காத்திருந்தோம். அன்று வெட்டுவதற்கு செர்ரி ஃப்ளாய் என்ற பழக் கேக்குகூட வாங்கியாயிற்று.

உடம்பில் உலோகம் உண்டா, கண்ணில் இரும்புத்தூள் பட்டதா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், எல்லாம் நேற்று மாதிரிதான் என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைக் கழற்றினாள். தினமும் ஒருவரையொருவர் கேட்டுக்கேட்டுப் புளித்துப்போன கேள்விகள். நானும் மண்டையை ஆட்டினேன், மடையன்.

கட்டில் மெல்ல உள்ளே போனது. வேகமாகப் போனால் தலை சுற்றும். பொழுது போக, அவளுடைய பழைய இரும்புப் படகுக்கு பெயிண்ட் அடித்தாயிற்றா என்று மைக்கில் சீண்டினேன்.

"எங்க? துருவை மெஷின் வச்சுத் தேய்க்கிறதுலயே ஞாயித்துக்கிழமை போச்சு. இடது கண்ணு இன்னும் உறுத்துது, ஹூப்" என்றாள் என்னிடம்.

கட்டிலை நிறுத்தினேன். துருவைத் தேய்த்தால் தெறிப்பது இரும்புத்தூள்.

"தேய்க்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தியா?"

"ஆவி படிஞ்சுதுன்னு கழட்டிட்டேன்."

இந்தக் காந்தத்தை மின்விசிறி போல நிறுத்த முடியாது. அவளை வெடுக்கென்று இழுத்தால், கண்ணில் இரும்பு இருந்தால் அது உள்ளேயே கீறிக்கொண்டு நகரும்.

"கண்ண அசைக்காத. தலையத் திருப்பாத. மூச்சு மட்டும் விடு."

இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் கட்டிலை வெளியே எடுத்தேன்.

"கண்ணு போயிடுமா?" என்றாள்.

தெரியவில்லை என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வெள்ளை விழியில் ஒரு இரும்புத் துணுக்கு இருந்தது. டாக்டர் எடுத்துவிட்டார், பார்வை பிழைத்தது. ஆனால் கண் ஆறும்வரை காந்தத்தின் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அடுத்த வாரம் அவள் காயிலில் முதலில் படுக்க வேண்டியவன் நான். எனக்கே கூச்சமாக இருந்தது.

மார்லீன் கண்ணில் கட்டோடு வந்து, காந்த அறைக் கதவை வெளியிலேயே மறித்து நின்றாள். உலோகம் உண்டா என்று ஆரம்பித்தாள்.

"எல்லாம் நேத்து மாதிரி..." என்று என் வாய் தானாகவே போனது.

அவள் நகரவில்லை. "ஒவ்வொண்ணா கேப்பேன். ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லு."

கேட்டாள். கர்ப்பமா என்றுகூடக் கேட்டாள். நான் சிரிக்கவில்லை.

"இல்ல" என்றேன். அடுத்த கேள்விக்குப் போனாள்.