அத்தான் விற்க வந்த குவாண்டம்

மருந்து விநியோகக் கம்பெனியில் அவளுக்குத் துருவி என்று பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பாள். எந்த வேன் எந்த வழியாகப் போனால் நேரமும் டீசலும் மிச்சம் என்று கணக்கிடும் புரோகிராமை எழுதியவள் அவள்தான்.

அந்த வேலைக்குக் குவாண்டம் கம்ப்யூட்டரை விற்க வந்தவர் அவளுடைய அக்காவின் கணவர். எங்கோ கடுங்குளிரில் வைத்திருக்கும் இயந்திரம் இணையம் வழியாகப் பாதைகளைக் கணக்கிட்டுத் தருமாம். மேலாளர் அறையில் ஓட்டிக் காட்டினார். இவர்களுடைய புரோகிராம் திணறிக்கொண்டிருக்கும்போதே குவாண்டம் விடை திரையில் வந்து நின்றது. மேலாளர் வாயைப் பிளந்தார்.

துருவிக்கு உறுத்தியது. ஒப்பிட எடுத்தது, அவள் என்றோ தூக்கிப்போட்ட பழைய பதிப்பு.

"அத்தான், இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

"உங்க ஆபீஸ்லதாம்மா குடுத்தாங்க."

"ஏதோ அகப்பட்டதைக் குடுத்தேன்," என்று மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார்.

புதிய பதிப்போடு ஓட்டியதும் இரண்டும் ஏறக்குறைய சமம். "இருந்தாலும் குவாண்டம் மயிரிழை முந்துது பாரு," என்று அத்தான் விடவில்லை. விடை வந்த வேகம் அவளைக் குடைந்தது. அந்த இயந்திரத்தில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், பிழைகளைச் சலித்தெடுக்க வேண்டும். இதுவோ பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தது போல் வந்தது.

"இன்னிக்கு ஆர்டரை வச்சு ஓட்டுங்க. ஆத்துப்பாலம் வேற மூடியிருக்கு," என்றாள், முன்பே போட்டு வைத்த விடையானால் பிடிபடட்டும் என்று.

அத்தான் மும்முரமாகத் தட்டினார். அந்த அறையில் இணையம் வயரில் மட்டும்தான். அவள் மேசைக்கடியில் கைவிட்டு அதை உருவினாள். யாரும் பார்க்கவில்லை. அப்படியும் விடை வந்துவிட்டது. பாலத்தை ஒதுக்கிய நல்ல பாதைகள். மேலே பச்சை எழுத்தில், 'குவாண்டம் முறையில் தீர்க்கப்பட்டது.'

"இது யாரு போட்ட கணக்கு அத்தான்?" என்று வயரின் நுனியைத் தூக்கிக் காட்டினாள்.

அத்தானின் முகம் வெளுத்தது. தன் கம்பெனிப் பொறியாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர் இழுத்து இழுத்துச் சொன்னார்: "சின்ன கணக்குன்னா குவாண்டத்துக்குப் போகும் சார். பெருசா இருந்தாலோ லைன் கிடைக்கலைன்னாலோ லேப்டாப்புலயே இருக்கிற நம்ம சாதா புரோகிராமே முடிச்சிடும். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"எனக்கு யாரும் சொல்லலையே," என்றார் அத்தான், அவளைப் பார்க்காமல்.

"எது போட்டா என்ன, வேன் சீக்கிரம் போகுதுல்ல?" என்றார் மேலாளர்.

"சாதா புரோகிராம் நம்மகிட்டயே இருக்கு சார்."

வயரைச் செருகி, சின்னக் கணக்குகளையும் கொடுத்துப் பார்த்தாள். உண்மையான குவாண்டம் விடை தாமதமாக வந்தது, பாதையும் சுற்றுவழி. வாங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

சாயங்காலம் அக்கா போனில் பொரிந்து தள்ளினாள். "அவர் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டியேடி!"

"அவருக்கே தெரியாதாமே அக்கா."

"அவருக்கும் உறுத்திட்டுதான் இருந்துச்சாம். கேட்டா வேலை போயிடுமேன்னு கேக்கலையாம்."

"போனை அவர்கிட்ட குடு."

"பேச மாட்டேங்கிறார்."

சில நாட்களில் அத்தான் அந்தக் கம்பெனியில் இல்லை. தானாக விலகினாரா, அனுப்பிவிட்டார்களா என்பதை அக்கா சொல்லவேயில்லை.